கத்திக்கும் சட்டிக்கும் நடுவே: தோட்டத்து ஆட்டுக்கறியின் ருசியைத் தேடிப்போன அறிவியல்

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற ஓர் இடத்தில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "தோட்டத்தில் சாப்பிட்ட ஆட்டுக்கறியின் ருசி இப்போது ஏன் இல்லை?" அடுத்த நிமிடமே இரண்டு கட்சி பிரிந்துவிடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் ஒரு பக்கம். "அந்தக் கறி வாயில் வைத்தால் கரையும். இப்போது வாங்குவது ரப்பரை மெல்வதுபோல இருக்கிறது, வாடை வேறு" என்பார்கள். இளையவர்கள் மறுபக்கம். "தாத்தா, ஆண்டுக்கு இரண்டு தடவை சாப்பிட்டீர்கள், பசியில் சாப்பிட்டீர்கள். அதனால் ருசித்தது. மற்றதெல்லாம் பழைய நினைவு" என்பார்கள்.

யார் சொல்வது சரி? வெறும் பேச்சாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி, உலகின் பல மூலைகளில் விஞ்ஞானிகள் ஒரு நூற்றாண்டாக உழைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் படித்தால் இரண்டு கட்சிக்கும் ஒரு பாடம் காத்திருக்கிறது. பெரியவர்களின் நாக்கு பொய் சொல்லவில்லை. ஆனால், அந்த நாக்கு குற்றவாளி என்று காட்டுகிற ஆள் எல்லா நேரத்திலும் குற்றவாளி இல்லை.

லயத்து விடியல்

பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தீபாவளி விடியல் நினைவிருக்கும். பல குடும்பங்கள் பணம் சேர்த்து ஓர் ஆட்டை வாங்குவார்கள். முதல் நாளே அது லயத்துப் பக்கம் கட்டப்பட்டு, தழையும் தண்ணீரும் தின்று குடித்து அமைதியாக நிற்கும். பொழுது புலர்வதற்கு முன் அறுப்பு. பின்னங்காலில் கட்டித் தொங்கவிட்டுத் தோல் உரிப்பார்கள். பிறகு கூறு போடுவார்கள். தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல் எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழும். யாருக்கு எந்தக் கூறு என்பதில் சண்டை வராது, பங்கு அப்படிப் போடப்பட்டிருக்கும்.

முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் கிடா வெட்டிய நாள்களிலும் இதே முறைதான். வாழையிலையில் பொட்டலம் வீடு வந்து சேரும்போது கறியில் இளஞ்சூடு இருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி, இஞ்சி பூண்டு அரைத்து, விறகடுப்பில் சட்டி ஏறிவிடும். அறுத்த கத்திக்கும் கொதிக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

பல் பார்த்து வாங்கிய கண்

ஆடு வாங்கப் போகிற பெரியவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பால் பல்லா, இரண்டு பல் போட்டதா, நாலு பல்லா என்று எண்ணுவார். எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்திருந்தால் கிழட்டு ஆடு என்று ஒதுக்குவார். காயடித்த கிடாவா என்றும் கேட்பார். இதெல்லாம் ஏட்டில் படித்ததில்லை, வழிவழியாக வந்தது.

ஆஸ்திரேலியாவின் இறைச்சித் தொழில் ஆட்டை வகை பிரிப்பதும் இதே பல்லை வைத்துத்தான். நிலைப்பல் முளைத்துத் தேயத் தொடங்காதது இளம் ஆடு. அதற்கு மேல் போனால் அதன் பெயரும் மாறும், விலையும் மாறும். அந்த நாட்டில் 2019 ஜூலையில் இளம் ஆட்டுக்கான விளக்கத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தமும் பல் முளைத்ததா, அது தேயத் தொடங்கியதா என்ற கேள்வியைப் பற்றியதே. தோட்டத்துப் பெரியவரும் அந்நாட்டுச் சட்டமும் ஒரே இடத்தில்தான் பார்க்கிறார்கள்.

ஏன் பல்? பல் வயதைச் சொல்லும், வயது கறியின் கெட்டித்தன்மையைச் சொல்லும். தசை நார்களைக் கட்டிப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். வயது ஏற ஏற அதன் இழைகளுக்கு இடையே பிணைப்புகள் இறுகுகின்றன. இளம் ஆட்டில் அது சீக்கிரம் வெந்து, கூழ் போன்ற ஜெலட்டினாகக் கரையும். கிழட்டு ஆட்டில் மணிக்கணக்கில் வேகவைத்தாலும் முரண்டு பிடிக்கும்.

ஆட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள்

நம் நாட்டில் ஆடு என்பது நெடுங்காலம் ஏழை வீட்டுப் பிராணியாகவே கருதப்பட்டது. ரப்பருக்கு 1925-இல் ஆய்வுக் கழகம் வந்துவிட்டது. ஆட்டைப் பற்றி எழுத ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் சி. தேவேந்திரா என்ற மலேசிய விஞ்ஞானி. மலாயாவின் உள்நாட்டு ஆட்டினம் என்ன தின்கிறது, எப்படி வளர்கிறது என்று 1960-களில் அவர் தொடர்ச்சியாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மார்கா பர்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து வெப்ப மண்டல ஆடு வளர்ப்பு பற்றி அவர் எழுதிய நூல் 1970-இல் வெளிவந்தது. உலகெங்கும் ஆடு வளர்ப்பு பற்றிப் படிப்பவர்கள் எடுத்துப் பார்க்கும் நூலாக அது ஆனது. 1969-இல் உருவான மார்டி என்ற வேளாண் ஆய்வு மேம்பாட்டுக் கழகத்திலும் அவர் பணியாற்றினார்.

தோட்டத்து லயங்களில் நின்ற ஆடு பெரும்பாலும் 'காச்சாங்' என்று மலாயில் அழைக்கப்படும் அந்த உள்நாட்டு இனம், அல்லது இந்தியாவின் ஜமுனாபாரி கலந்த இனம். காச்சாங் ஆட்டின் உடல் சிறியது. கொழுப்பு தோலுக்கடியில் மெல்லியதாகவே படியும்.

ரப்பர் ஆய்வுக் கழகமும் சும்மா இருக்கவில்லை. 1970-களின் நடுப்பகுதியிலிருந்து ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறி ஆடுகளை மேயவிட்டு ஆய்வு செய்தது. களை எடுக்கும் செலவும் குறையும், இறைச்சியும் கிடைக்கும் என்பது கணக்கு. 'மாலின்' எனப்படும் உள்நாட்டுச் செம்மறியோடு டார்செட் இனம் கலக்கப்பட்டது. ஆய்வு நல்ல முடிவுகளைத் தந்தது. ஆனால், ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டு மனைகளாயின. மக்கள் பட்டணம் வந்தார்கள், ஆடு வரவில்லை.

கப்பலில் வந்த கறி

ஆட்டுக்குப் பதிலாகப் பட்டணத்தில் காத்திருந்தது உறையவைத்த இறைச்சி. அதன் வரலாற்றில் 1882 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் 'டனிடின்' என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 5,000 உறைந்த ஆட்டு உடல்களோடு புறப்பட்டு, மே மாதம் லண்டன் சேர்ந்தது. கறி கெடவில்லை. ஓர் உலக வணிகம் அன்று பிறந்தது.

நம் பக்கத்தில் 1903-இல் சிங்கப்பூர் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் தொடங்கப்பட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியைக் கொண்டுவந்தது. அது அப்போது வெள்ளைக்காரர்களின் உணவு. துரை பங்களாவின் சாப்பாட்டு மேசைக்குப் போனது, லயத்துக்கு வரவில்லை. காலம் மாறி, இன்று மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறது. துரை சாப்பிட்டது எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அப்படி வருவதில் பெரும்பகுதி செம்மறி. தோட்டத்தில் அறுத்தது வெள்ளாடு. பேச்சில் இரண்டையும் 'மட்டன்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல் வயது முதிர்ந்த செம்மறியைக் குறிக்கும், இந்தியாவிலோ பெரும்பாலும் வெள்ளாட்டைக் குறிக்கும். ஆக, பெரியவர்கள் ஒப்பிடுவது ஒரே கறியின் இரண்டு காலத்தை இல்லை, இரண்டு வேறு விலங்குகளை. வழக்கு தொடங்கும் முன்பே சாட்சி குழம்பிவிட்டது.

நியூசிலாந்துக்கு வந்த தலைவலி

உறைந்த கறி ரப்பர்போல இருக்கிறது என்ற புகாரை முதலில் எழுப்பியவர்கள் கெடாவின் பெரியவர்கள் இல்லை. அதைவிட முன்பே வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எழுப்பிவிட்டார்கள். இளம் ஆடு, நல்ல புல் தின்ற ஆடு, சுத்தமான கூடம், வேகமான குளிர்ப்பெட்டி எல்லாம் இருந்தும் கறி சில நேரம் மெல்ல முடியாமல் போனது. நியூசிலாந்தின் ஏற்றுமதிக்கே இது தலைவலியானது.

பதில் ஹாமில்டன் நகரின் இறைச்சித் தொழில் ஆய்வுக் கழகத்திலிருந்து வந்தது. ஆர். எச். லாக்கர், சி. ஜே. ஹாகியார்ட் என்ற இருவர், அப்போதுதான் அறுத்த மாட்டின் கழுத்துத் தசைத் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து அளந்தார்கள். 14 முதல் 19 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான குளிரில் தசை மிகக் குறைவாகச் சுருங்கியது. வெப்பம் அதற்கு மேல் ஏறினாலும் சுருக்கம் கூடியது. ஆனால், பூச்சிய டிகிரியில் நடந்ததுதான் அதிர்ச்சி. தசை தன் நீளத்தில் ஏறத்தாழ பாதி அளவு சுருங்கிப்போனது. 1963-இல் இந்த முடிவு வெளிவந்தது. 'குளிர்ச் சுருக்கம்' என்ற சொல் இறைச்சி அறிவியலில் நிலைத்தது.

இது எப்படி நடக்கிறது? அறுத்த உடனே தசை செத்துவிடுவதில்லை. அதில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரைப் பொருள் மெல்ல மெல்லக் கரைந்து லாக்டிக் அமிலமாக மாறும். கறியின் அமிலத்தன்மை கூடும். பி.எச். அளவு 7-லிருந்து ஏறத்தாழ 5.5-க்கு இறங்கும். ஆற்றல் முழுதும் தீர்ந்ததும் தசை விறைத்துக்கொள்ளும். பிறகு தசையில் உள்ள நொதிகளே நார்களைத் தளர்த்தத் தொடங்கும். ஆற்றல் தீர்வதற்கு முன்பே கடுங்குளிர் தாக்கினால், தசை உயிருள்ளது போலவே சுண்டி இழுத்துக்கொள்ளும். அப்படிச் சுருங்கியதை எவ்வளவு வேகவைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. உடனே உறையவைக்காமல் முதலில் மிதமான குளிரில் வைத்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 1970-களில் அறுத்த உடலில் மின்சாரம் பாய்ச்சி, மிச்ச ஆற்றலை வேகமாகத் தீர்த்துவிடும் முறையும் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்துக் கறி மெதுவானது.

பட்டணத்துக் குளிர்ப்பெட்டி

இப்போது கெடாவுக்குத் திரும்புவோம். பட்டணத்தில் குடியேறிய பல குடும்பங்கள் தீபாவளிக்கு இன்னும் உள்ளூர் ஆடுதான் வேண்டும் என்று அலைகிறார்கள். கம்போங் பக்கம் போய், கூடுதல் விலை கொடுத்து, கண்ணெதிரே அறுத்து வாங்குகிறார்கள். பண்டிகைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும். கறி கெட்டுவிடக் கூடாது என்று சிறு துண்டுகளாக்கி, இளஞ்சூடு ஆறுவதற்குள் நேராக உறைபெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள். தீபாவளியன்று எடுத்துச் சமைத்தால் கறி கடிக்க முடியவில்லை. "இந்தக் காலத்து ஆடே சரியில்லை" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஆடு சரியாகத்தான் இருந்தது. அறுத்த ஒரு மணி நேரத்தில் அதை உறையவைத்ததுதான் வினை. விறைப்பு வருவதற்கு முன் உறைந்த தசை, பனி உருகும்போது கடுமையாகச் சுருங்கி, சாற்றையும் கக்கிவிடும். இதற்கும் விஞ்ஞானத்தில் தனிப் பெயர் உண்டு: 'உருகல் விறைப்பு'. வெள்ளாட்டுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். உடல் சிறியது, கொழுப்புப் போர்வை மெல்லியது. ஆகவே குளிர் சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.

தோட்டத்தில் குளிர்ப்பெட்டி இல்லை. இல்லாமையே ஒரு வகையில் காப்பாற்றியது. விடியற்காலைக் குளிர்ச்சியில் அறுத்து, முழு விறைப்பு வருவதற்குள் சட்டியில் ஏற்றிவிட்டார்கள். அறுக்கும் முன் ஆடு ஓடவில்லை, லாரியில் குலுங்கவில்லை, முதல் நாள் முழுவதும் தழை தின்று நின்றது. மிரண்டு களைத்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு கரைந்துபோய், போதிய அமிலம் உண்டாகாது. கறி கறுத்து, உலர்ந்து, சீக்கிரம் கெடும். வெள்ளாடு எளிதில் மிரளும் விலங்கு என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

இல்லத்தரசிகளுக்கு இதில் ஒரு பயன் உண்டு. புதிதாக அறுத்த கறியை அன்றே சமைப்பதானால் தாமதிக்காமல் சமையுங்கள். வைத்திருக்க வேண்டுமானால் தொடையை எலும்போடு பெரிய துண்டாக, உறைபெட்டியில் இல்லாமல் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். எலும்பு தசையைப் பிடித்து நிறுத்தும், சுருக்கம் குறையும். மறுநாள் துண்டு போட்டு உறையவைக்கலாம். நம் வெயிலில் மேசைமேல் மணிக்கணக்கில் விட்டுவைப்பது மட்டும் கூடாது. அது மெத்தென்ற கறியைத் தராது, நோயைத்தான் தரும்.

வாடைக்கு ஒரு சொல்

பெரியவர்களின் இரண்டாவது புகார் வாடை. இது கற்பனை இல்லை. நியூசிலாந்தில் வோங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1975-இல் இதன் வேரைப் பிடித்தார்கள். செம்மறிக் கொழுப்பில் கிளைவிட்ட அமைப்புள்ள சில கொழுப்பு அமிலங்கள் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. 4-மெதில் ஆக்டனாயிக் அமிலம் அவற்றில் முக்கியமானது. வேகும்போது எழும் அந்தத் தனி வாடைக்கு அதுவே பெரிய காரணம்.

இந்த ஆய்வில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீனர்கள் பலருக்குச் செம்மறி வாடை பிடிக்காது. அந்த வாடையைக் குறிக்க அவர்களிடம் 'ஸூ' என்று ஒரு தனிச் சொல் இருக்கிறது. ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துத் தங்கள் கட்டுரையில் பயன்படுத்தினார்கள். ஒரு சமூகத்தின் நாக்கு சொன்ன புகார், வேதியியல் கூடத்தில் ஒரு பொருளைத் தேடும் முகவரியானது. கவிச்சி, வீச்சம், முடை நாற்றம், மொச்சை என்று தமிழ் நாக்கும் வாடையைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. இந்தச் சொற்களுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும்.

காயடிக்காத பெரிய கிடாவில் வேறோர் அமிலம் சேர்ந்து வாடையைக் கூட்டும். காயடித்த கிடாவா என்று கேட்ட பெரியவரின் கேள்விக்கு இதுவே பொருள். வாடை கொழுப்பில்தான் தங்கியிருக்கிறது என்பதால், வெளிக்கொழுப்பை அரிந்து எறிந்தால் பெருமளவு குறைந்துவிடும்.

நாக்கு சாட்சி சொல்லலாமா?

'நாக்கு சொல்வதை எப்படி நம்புவது?' என்று இளைய கட்சி கேட்பதும் நியாயமே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1920-களில் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண் விஞ்ஞானி, தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, பிறகு ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் சிரித்துவிட்டுப் போகவில்லை, அதைச் சோதிக்கும் வழியைச் சிந்தித்தார். எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் பிறகு, வரிசை கலைத்து வைக்க வேண்டும். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. 1935-இல் வந்த அவருடைய நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது. நாக்கின் சாட்சியை நம்பலாம், ஆனால் கண்ணைக் கட்டிக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு வேறொரு சிக்கல். சத்துக் கணக்குப் பார்த்துத் தயாரித்த உணவைச் சிப்பாய்கள் சாப்பிடாமல் ஒதுக்கினார்கள். தின்னாத உணவில் என்ன சத்து இருந்து என்ன பயன்? சிகாகோவில் இருந்த ராணுவ உணவு ஆய்வுக் கழகத்தில் டேவிட் பெரியம் முதலானோர் 1940-களின் இறுதியில் ஒன்பது படி அளவுகோலை உருவாக்கினார்கள். 'மிக மிகப் பிடிக்கிறது' என்பது ஒன்பது, 'மிக மிகப் பிடிக்கவில்லை' என்பது ஒன்று, நடுவே ஐந்து. உலகமெங்கும் உணவுச் சோதனைக் கூடங்களில் இன்றும் அந்த ஒன்பது படிதான் வழக்கில் இருக்கிறது.

இன்னொரு முறை மூன்று தட்டுச் சோதனை. இரண்டில் ஒரே கறி, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். தட்டில் பெயர் இருக்காது, மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். கறியின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சிவப்பு விளக்கில் சாப்பிடச் சொல்வார்கள். துண்டுகள் ஒரே அளவு, ஒரே சூடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே வாய் கொப்பளிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. விருந்து வீட்டில் இதில் ஒன்றுகூட நடப்பதில்லை. ஆகவே விருந்தில் சொல்லும் தீர்ப்பைச் சோதனை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கருவியும் உண்டு. 1920-களின் இறுதியில் வார்னர் தொடங்கி, பிராட்ஸ்லர் செப்பனிட்ட வெட்டுக் கருவி, வெந்த கறித் துண்டை அறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கிலோ கணக்கில் சொல்லும். ஆனால், கருவிக்கு வாடை தெரியாது, சாறு தெரியாது. அதனால்தான் எந்தக் கூடத்திலும் கருவியின் கணக்கை மனித நாக்கின் தீர்ப்போடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வருகிறார்கள்.

சரியும் தவறும்

இந்தத் தராசில் பாட்டிமார் சொன்னதை வைத்துப் பார்த்தால் பல சொல் தேறிவிடும். கறியில் இஞ்சி அரைத்துப் பிசறு என்றார்கள். இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி இருப்பதை 1973-இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். இந்தியாவின் இசாத்நகர் கால்நடை ஆய்வு நிலையத்தில் நவீனா, மெந்திரத்தா இருவரும் முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியின் கறியில் இஞ்சிச் சாற்றைச் சேர்த்துச் சோதித்தார்கள். கறி மெதுவானதைக் கருவியும் சொன்னது, சுவைத்தவர்களும் சொன்னார்கள். 2001-இல் அந்த முடிவு வெளிவந்தது. பிறகு எருமைக் கறியிலும் சோதித்தார்கள். பப்பாளிக்காய் விஷயம் ஊரறிந்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்த நொதிகள் கொதிநிலையில் செயலிழந்துவிடும். ஆகவே கறியை முன்கூட்டியே பிசறி ஊறவைத்தால்தான் பலன். கொதிக்கும் குழம்பில் போட்டால் மணம் கிடைக்கும், வேலை நடக்காது.

தேறாததும் உண்டு. உறைந்த கறிப் பொட்டலத்தில் ஒழுகும் சிவப்பு நீரை ரத்தம் என்று முகம் சுளிப்பவர்கள் பலர். அது ரத்தம் இல்லை. தசைக்கு நிறம் தரும் மயோகுளோபின் கலந்த சாறு. நாக்கின் நுனி இனிப்புக்கு, ஓரம் புளிப்புக்கு, அடி கசப்புக்கு என்று பள்ளியில் வரைந்த படமும் தவறு. 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்காலத்தில் பிழையாகப் புரிந்துகொண்டதன் விளைவு அது. நாக்கின் சுவை மொட்டு உள்ள எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையும் அறியும்.

யாருடைய நாக்கு?

ஆஸ்திரேலியா 1990-களின் இறுதியில் மாட்டிறைச்சிக்குப் புதிய தரமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. வல்லுநர்களைவிடச் சாதாரண மக்களின் நாக்கையே நம்பினார்கள். ஆயிரக்கணக்கானோருக்குக் கறித் துண்டு கொடுத்து, மென்மை, சாறு, சுவை, மொத்த விருப்பம் என்று நாலு கேள்வி கேட்டார்கள். அந்த மதிப்பெண்களை வைத்தே தரம் வகுத்தார்கள். பின்னர் செம்மறிக்கும் அந்த வழி வந்தது. ஜப்பான், கொரியா போன்ற வாடிக்கை நாடுகளுக்கும் தட்டை எடுத்துச் சென்று, அவர்கள் சமைக்கும் முறையிலேயே கேட்டார்கள்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. அனலில் வாட்டிய துண்டுக்கு ஒரு தரம், ஒரு மணி நேரம் பிரட்டிய கறிக்கு இன்னொரு தரம். வாட்டலுக்கு ஆகாத கணுக்காலும் கழுத்தும் பிரட்டலில் முதல் இடம் பிடிக்கும். கொலாஜன் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குவதே அதற்குக் காரணம். இதை யார் அளந்து எழுதுவது? கெடாவின் செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு வேறென்ன வேண்டும்? உள்ளூர் வெள்ளாடு, இறக்குமதிச் செம்மறி, இரண்டையும் தோட்டத்து முறையில் சமைத்து, எண் போட்ட தட்டில் வைத்து, சிவப்பு விளக்கில் நம் பெரியவர்களை உட்காரவைக்க வேண்டும்.

காலம் அதிகம் இல்லை. பல் பார்த்து ஆடு வாங்கிய கைகளும், மொச்சை எது முடை எது என்று பிரித்துச் சொன்ன நாக்குகளும் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. தோட்டங்கள் போய்விட்டன, லயங்கள் போய்விட்டன. அவற்றின் படமாவது பழைய ஆல்பத்தில் இருக்கிறது. ருசிக்குப் படம் கிடையாது. அதை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால்தான் உண்டு.

வரும் தீபாவளிக்கு வீட்டில் தாத்தா "அந்தக் காலத்துக் கறி" என்று தொடங்கினால் இளையவர்கள் சிரிக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஆடு எங்கே நின்றது, எத்தனை மணிக்கு அறுத்தார்கள், எத்தனை மணிக்குச் சட்டி ஏறியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.